இரண்டாம் பாகத்தில் இல்லாத காட்சி

மணி பத்தைத் தாண்டியிருந்தது. கேமரன் மலையில் திரிங்காப்பிலிருந்து பிரிஞ்சாங்குக்குப் போகும் சாலை. காய்கறி லோரிகள் போய்விட்டால் அந்தச் சாலையில் ஒன்றும் இருக்காது... பனி மட்டும்தான். கடைசி லோரியில் நான் இருந்தேன். விளக்கு வெளிச்சம் கொஞ்ச தூரம் போய் வெள்ளைச் சுவரில் முட்டியது மாதிரி நின்றது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகள். அந்த ஈர வாசம் இருக்கை வரை வந்தது.

ஓட்டுநருக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். பேச ஆரம்பித்தார்.

"தம்பி எஸ்டேட்டு ஆளுதானே? ஒரு கத கேட்டிருப்பீங்களே. நல்லுசாமின்னு என் கூட்டாளி ஒருத்தன். அவன் மச்சானுக்கு நடந்தது. பொண்டாட்டி செத்துப்போச்சு. செத்த பொம்பள வீடியோ படத்துல வருதுலா. பேய்ப் படம், ரெண்டாவது பாகம். தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, கண்ணுல ரத்தம்..."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் பாக்கல. பாத்தவன் சொன்னான்."

லோரி இரண்டாம் கியருக்கு மாறி முனகியது. நான் வெளியே பார்த்தேன். அவருக்குக் கதையின் கடைசிப் பகுதி தெரியவில்லை. தெரிந்திருக்க வழியில்லை. அது சற்று முன்புதான் நடந்திருந்தது.

நல்லுசாமியின் மச்சான் நான்தான்.

அது அன்றைக்கு. இன்றைக்கு இங்கே கரண்டு எப்போது வரும் என்று தெரியாது. மூன்றாம் பாகம் பார்க்க வந்தீர்கள். வீடியோ டெக் செத்துக் கிடக்கிறது. பேய்க் கதை சொல்லச் சொன்னீர்கள். விளக்கை இந்தப் பக்கம் தள்ளுங்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தலைவிரி கோலமும் ரத்தமும் இதில் இல்லை.

நான் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கல்லூரி முடித்துவிட்டு வந்தவன். கோலாலம்பூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பட விமர்சனமும் எழுதுவேன். அதில் பாதி என் மனைவி அம்சவல்லி சொன்னதாக இருக்கும். அவள் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்தாள். பிள்ளைகள் பொய் அழுகையும் நிஜ அழுகையும் அழுவதை நாள் முழுக்கக் கேட்டவள். நடிப்பு அவளிடம் தப்பாது.

எண்பத்தைந்தில் ஈப்போவுக்குப் போய் அந்த இரண்டாம் பாகத்தைத் தியேட்டரில் பார்த்தோம். முதல் பாகம் நல்ல படம். பேயைக் கடைசி வரை காட்டவில்லை. கதவு திறக்கும், விளக்கு ஆடும், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் பேய்க்குப் பேர் இருந்தது, ஊர் இருந்தது, செத்ததற்குக் காரணம் இருந்தது, ஒரு பாட்டும் இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் சொன்னாள்:

"பேயி இம்புட்டுப் பேசினா யாருக்குங்க பயம் வரும்? எங்க சின்னம்மாவவிடக் கூடப் பேசுது."

"ஒரு நல்ல காட்சிகூடவா இல்லை?"

"ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் உக்காந்து சோறு திங்கிறாங்கள்ல, பின்னால ஒரு கதவு தொறந்தே கெடந்துச்சு. நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். யாராச்சும் வந்து சும்மா நின்னிருந்தாப் போதும். தொறந்து வச்சிட்டு மறந்துட்டானுங்க."

அதை அப்படியே எழுதினேன். பத்திரிகையில் என் பேரில் வந்தது.

அந்த வருடம் நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு இறங்கும் தாப்பா சாலையில் மண் சரிந்திருந்தது. எஸ்டேட் வேன் நின்ற இடத்தில் நின்றது. மழை. விடிவதற்குள் முடிந்துவிட்டது. பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் பத்திரிகை ஆசிரியர் ஆபீசுக்குப் போன் செய்தார். நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

"தம்பி, அந்த ரெண்டாம் பாகம் வீடியோவா வந்திருச்சு. கேமரன் மலைப் பக்கம் ஜனங்க படத்தவிட வீடியோதான் பயமா இருக்குங்கிறாங்களாம். அதெப்படி? பாத்து நாலு வரி எழுதுங்க."

வீடியோவில் படம் நன்றாக இருக்க வழியில்லை. அகலத் திரைப் படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். இருட்டுக் காட்சி எல்லாம் கரி பூசியது மாதிரி இருக்கும். தணிக்கையில் போனது போக மிச்சம்தான் வரும். அது எப்படித் தியேட்டரை விடப் பயமாக இருக்கும் என்று எனக்கும் புரியவில்லை. பிரிஞ்சாங்கில் கந்தசாமியின் வீடியோ கடைக்குப் போனேன். மலையில் பாதி எஸ்டேட்டுக்கு அவர்தான் படம் வாடகைக்குக் கொடுப்பார்.

"அது வேணாம் கிராணி. பிரிண்டு சரியில்ல."

"சரியில்லை என்று எழுதத்தான் கேட்கிறேன்."

"முதல் பாகம் இருக்கு. கராத்தே படம் புதுசா வந்திருக்கு, சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

கந்தசாமி எதையும் சும்மா கொடுத்ததாக மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கேசட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. பாஞ்சாலைதான் அங்கே வாயாடி.

"என்னக்கா, படம் எப்படி?" என்றேன்.

"எந்தப் படம்? நான் பக்திப் படம்தாங்க பாப்பேன்."

"ஆமாமா, நேத்து சாமி வந்துதான் போர்வைக்குள்ள பூந்துக்கிட்டா," என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பும்போது பாஞ்சாலை கூடையோடு பின்னால் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கிராணி, மனசு கேக்கல. உங்க மாமியா வீட்டுல தெனமும் ஓடுது. போயிப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

"என்ன ஓடுது?"

"அந்தப் படந்தான். அதுல..." கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டாள். "அதுல நம்ம அம்சா நிக்குதுங்க."

அன்று சாயங்காலம் போனேன். மாமியார் மணியம்மாவும் மச்சான் நல்லுசாமியும் கீழ் லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தார்கள். கதவைத் திறந்த நல்லுசாமி வழிவிடாமல் நின்றான்.

"மச்சான்... ஒங்களுக்குச் சொல்லணும்னுதான்... எப்புடிச் சொல்றதுன்னு..."

உள்ளே ஈரக் கம்பளி வாசம். கருவாடு வாசம். அத்தை பாயில் உட்கார்ந்திருந்தார். டிவிக்கு முன்னால் ஒரு கிளாஸ் தேத்தண்ணி. ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

டெக் இரைந்தது. சாப்பாட்டுக் காட்சி வந்தது. மேசையைச் சுற்றி ஆட்கள். தட்டில் கரண்டி உரசும் சத்தம். பின்னால் அந்தக் கதவு.

"வந்துட்டா," என்றார் அத்தை.

நான் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. யாரும் இல்லை.

"எங்கே?"

நல்லுசாமி எழுந்து போய்க் கண்ணாடியில் விரல் வைத்தான். சுடுக்கென்று ஒரு சிறு சத்தம்... டிவி கண்ணாடியைத் தொட்டால் வருமே, அது. "இங்க மச்சான். இது தோளு. இது ஸ்வெட்டரு போட்ட கை. கதவப் புடிச்சிக்கிட்டு நிக்குது பாருங்க."

எனக்கு அவன் விரல் தெரிந்தது. விரலுக்குக் கீழே கதவு நிலை.

திருப்பி ஓட்டினான். மறுபடியும். இன்னொரு தடவை. அத்தை திரையை விட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, ஒங்களுக்குத் தெரியலியா?"

"தெரியுது அத்தை."

"என்ன பண்றா, சொல்லுங்க."

நான் மறுபடி அந்தக் கதவைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

கந்தசாமியிடம் போய் விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது மாதிரி இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பேயும் இல்ல பிசாசும் இல்லலா கிராணி. எல்லாம் டேப்பு கோளாறு. ஒங்க கல்யாண டேப்பு ஊரெல்லாம் சுத்துச்சுல்ல?"

சுற்றியது. எங்கள் பக்கம் கல்யாண வீடியோவை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. தன் முகம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு வீடாக இரவல் வாங்குவார்கள். ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு, அங்கிருந்து அடுத்த எஸ்டேட்டுக்கு. எங்கள் டேப் அப்படிப் போனது. திரும்பி வரவில்லை. அவள் இருந்தபோது அதை நாங்கள் தேடவும் இல்லை. ஆள்தான் வீட்டில் இருந்தாளே.

"யாரோ வாடக டேப்போட சேத்து இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க. மேல பேரு இல்ல. கோலாலம்பூருலேருந்து வந்த ஒரிஜினல டெக் கடிச்சிட்டிருந்துச்சு. அது முழுசாப் போறதுக்குள்ள அவசரத்துக்கு இந்த டேப்புல ஏத்திட்டேன். மத்த காப்பி எல்லாம் இதுலேருந்து எடுத்ததுதான். கீழ இருந்தது சரியா அழியாம மேல தெரியுது. நீங்க படிச்சவரு, ஒங்களுக்குத் தெரியாததா?"

"கல்யாணத்தில் அவள் ஸ்வெட்டர் போடவில்லை."

"ஆமா... பச்ச..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

நிறத்தை நான் சொல்லியிருக்கவில்லை.

கடையில் ஏதோ ஒரு கேசட் திருப்பி ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து டக்கென்று நின்றது. பிறகு அவரே அந்தப் படத்தின் காப்பி ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

என் குவார்ட்டர்சில் தனியாகப் பார்த்தேன். பலமுறை. படம் தேய்ந்து கோடு விழுந்தது. கதவு மட்டும் இருந்தது. கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் குறையில்லை என்றார்.

அதன் பிறகுதான் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். விமர்சனத்துக்காக ஜனங்கள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். கிராணி கேட்டால் யாரும் வேண்டாம் என்பதில்லை. நான் டிவியைப் பார்த்து உட்கார மாட்டேன். டிவிக்குப் பக்கத்தில், ஜனங்களைப் பார்த்து உட்காருவேன்.

சாப்பாட்டுக் காட்சி வரும். எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். அந்தக் கண்களை வைத்து அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு உயரம் என்றுகூடத் தெரியும். அவள் நகர்ந்தால் கண்கள் நகரும். நீல வெளிச்சம் அவர்கள் முகத்தில் ஆடும். எனக்குக் கிடைத்தது அதுதான்.

சிலர் கத்துவார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. உயிரோடு இருந்தபோது அவளைப் பார்த்து யாரும் கத்தியதில்லை. காப்பகத்துப் பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கும்.

"என்ன செய்கிறாள்?" என்று கேட்பேன்.

"ஒண்ணும் செய்யல கிராணி. அதானே பயமா இருக்கு."

"சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறாளா?"

"அவங்களப் பாக்கல. இங்குட்டுப் பாக்குது. நம்மள்ல யாரையோ தேடுற மாதிரி."

அப்போது நான் டிவியை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெட்டியின் சூடு தோளில் படும். திரும்பிப் பார்ப்பேன். கதவு.

மலையில் எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் பார்த்தார்கள். குடித்துவிட்டு வந்தவன் பார்த்தான். எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தெரிந்தால் போதும் என்றிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டக்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக் காட்சி வந்தது. போனது. யார் முகமும் மாறவில்லை.

"என்னடா இது, அந்தப் பொம்பள எங்க?" என்றார் வீட்டுக்காரர். "போன தடவ இருந்துச்சே."

"கந்தசாமி கட் பண்ணிட்டான்லா."

"அது இல்லாட்டி இந்தப் படத்துல என்ன மயிரு இருக்கு?"

அது சரியான விமர்சனம்தான்.

எல்லாக் காப்பியிலும் அப்படியே. பிரிஞ்சாங், ரிங்லெட், எங்கும் அவள் இல்லை. அத்தை வீட்டுக்கு ஓடினேன். டிவி அணைந்திருந்தது. மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"போயிட்டா மாப்ள," என்றார். "நல்லாப் பாத்துட்டேன். போதும்."

அவருக்குப் போதும். நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்றிரவே விமர்சனத்தை எழுதினேன். இரண்டாம் பாகம் சுமார். வீடியோ அதைவிடச் சுமார். ஒரு கதவு திறந்திருக்கிறது, யாரும் வரவில்லை. ஆசிரியர் ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்துக் கந்தசாமி சொன்னார், திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் வடிவம்மாள் வீட்டில் ஒரு காப்பி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. எடுத்துப்போன அன்றே அவர்கள் டெக் கெட்டுவிட்டதாம். ரிப்பேருக்குப் போன டெக் இப்போதுதான் வந்ததாம். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

யாரும் பார்க்காத காப்பி அது ஒன்றுதான். உடனே கிளம்பினேன்.

பலகை வீடு. ஒரு மூலையில் செவ்வந்திப் பூ மலையாகக் குவிந்திருந்தது. வடிவம்மாள் ஒவ்வொரு கொத்தையும் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். காலையில் லோரிக்குப் போக வேண்டிய பூ. வடிவம்மாள், வீட்டுக்காரர், வடிவம்மாளின் தங்கச்சி, அவ்வளவு பேர்தான். அந்தக் கதை அவர்கள் காதுக்கு வந்திருக்கவில்லை. அம்சவல்லியை அவர்கள் பார்த்ததே இல்லை.

"கிராணியா? வாங்க, வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இந்த மனுசன் பேய்ப் படம்னா கக்கூசுக்குத் தனியாப் போவ மாட்டாரு. தொணைக்கு நீங்க போவலாம்."

"சும்மா கெடடி," என்றார் வீட்டுக்காரர்.

நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்து உட்கார்ந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆபீஸ்காரர்கள் ஏதாவது செய்வார்கள் என்று விட்டிருப்பார்கள்.

படம் ஓடியது. பேய் பேசியது. பாட்டு வந்தது. வடிவம்மாள் பூச் சுற்றினார். பேப்பர் சரசரத்தது.

கரண்டி சத்தம் கேட்டது. சாப்பாட்டுக் காட்சி.

நான் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தேன்.

மூன்று பேரின் கண்ணும் திரையில் அந்த இடத்துக்குப் போனது. கதவு இருக்கும் இடம். நின்றது. யாரும் கத்தவில்லை. பேப்பர் சத்தம் நின்றுபோயிருந்தது.

இருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு கண்கள் நகர்ந்தன. மெல்ல. திரையின் நடுவுக்கு. திரையின் ஓரத்துக்கு. ஓரத்தைத் தாண்டியும் நகர்ந்தன. டிவிக்கு வெளியே... டிவிக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். அங்கே கொஞ்ச நேரம். பிறகு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றன.

திரும்பிப் பார்த்தேன். சுவர். ஒரு நாள்காட்டி. ஆணியில் ஒரு தொப்பி.

மறுபடி அவர்கள் பக்கம் திரும்பினேன். எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று முகம். பூக்குவியல். வீட்டுக்காரர் கையில் புகைந்துகொண்டிருந்த சிகரெட். தங்கச்சி அக்காவின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வடிவம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கிராணி... கூட வந்தவங்க யாருங்க?"

"யாரும் வரவில்லையே."

"அப்ப அந்தப் பொண்ணு ஏன் ஒங்க பின்னால நின்னுக்கிட்டு, ரெண்டு கையாலயும் ஒங்க கண்ணப் பொத்திக்கிட்டு இருக்குது?"